கிராங்க் சென்சாரும் ஏசுபாதம் அண்ணனும்

கார் மெக்கானிக் தொழிலில், வண்டிக்காரர் கண்ணால் பார்ப்பது கொஞ்சம்தான். மீதியெல்லாம் மெக்கானிக் வாயால் சொல்வதை நம்பித்தான் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். என் வாய்ச்சொல்லுக்கு இருந்த அந்த மரியாதையைக் கெடுத்தவன், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரனான நீ. டூப்ளிகேட் சாமானை ஒரிஜினல் என்று சொல்லி என் தலையில் கட்டினாய். விஷயம் வெளியே வந்ததும், நான்தான் தெரிந்தே டூப்ளிகேட் கேட்டு வாங்கினேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தாய். அதை நம்பிய ஒரு மனிதர் இன்று வரைக்கும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. உன் பேரை இங்கே எழுத மாட்டேன். படிக்கும்போது உனக்கே வியர்க்கும், அது போதும்.

மற்றவர்கள் பயப்பட வேண்டாம், திட்டு உங்களுக்கு இல்லை. நடுரோட்டில் பானெட்டைத் தூக்கிவிட்டு, உள்ளே எது என்ன என்று தெரியாமலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நீங்கள். நானும் பக்கத்தில் நின்று அதே மாதிரி எட்டிப் பார்த்தவன்தான். நாமெல்லாம் ஒரே கட்சி.

இரண்டாயிரமாவது வருஷத்தை ஒட்டி வந்த பெட்ரோல் கார்களில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சாமான் இருக்கும். கிராங்க் சென்சார் என்போம். இன்ஜினுக்குள் கிராங்க் என்கிற தண்டு எப்படிச் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. அது வாயை மூடிக்கொண்டால் கம்ப்யூட்டர் பெட்ரோலும் விடாது, பொறியும் விடாது. ஓடுகிற வண்டி ஓடுகிறபடியே செத்துப்போகும். இதில் பெரிய பேஜாரு என்னவென்றால், பாதி நேரம் அது சூடானால்தான் மக்கர் பண்ணும். ஆறிவிட்டால் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி ஓடும். மெக்கானிக் வந்து சேரும்போது கண்டிப்பாக ஆறியிருக்கும்.

கோபத்தில் கண்டுபிடித்தது

என் கடை கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டில் ஒரு தகர ஷெட். நான் படித்தது கொஞ்சம். லாரி கிளீனராகப் போய், திட்டும் அடியும் வாங்கித் தொழில் கற்றவன். கார்புரேட்டர் வண்டி என்றால் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லிவிடுவேன். கம்ப்யூட்டர் வைத்த வண்டிகள் வந்தபோது முழி பிதுங்கியது உண்மை. கோளாறைக் காட்டுகிற ஸ்கேனர் மிஷின் வாங்க அப்போது எனக்கு வக்கில்லை.

அந்த நேரத்தில்தான் ஏசுபாதம் அண்ணன் வந்தார். அவருடைய அப்பா, அம்மா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவர் ஃபவுண்டரி உலைப் பக்கத்தில் பல வருஷம் வெந்துவிட்டு, வேலையை விட்டபோது கிடைத்த பணத்தில் ஒரு பழைய காரை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். அவர் வம்சத்திலேயே முதல் கார். அதைத் துடைக்கிற துணியைக்கூடத் துவைத்து மடித்து வைத்திருப்பார். அந்த வண்டி சூடானால் நின்றுவிடும். வேறு இடங்களில் பெட்ரோல் பம்பு, காயில், பிளக் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டார்கள். நானும் என் பங்குக்கு வயரையெல்லாம் பிரித்துப் போட்டேன். ஒரு மத்தியானம் சூட்டில் நின்றுபோன வண்டியைக் குடையும்போது சைலன்சர் குழாயில் கை சுட்டுவிட்டது. வந்த ஆத்திரத்தில் பக்கெட் தண்ணீரைத் தூக்கி இன்ஜின் மேலேயே வீசி அடித்தேன். (நீங்கள் செய்துவிடாதீர்கள். சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் இரும்பு விரிசல் விடும்.) அண்ணன் சும்மா சாவியைத் திருப்பினார். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது!

தண்ணீர் எதன் மேல் பட்டதால் ஓடியது? அப்போதுதான் புத்தி வேலை செய்தது. வண்டியை மறுபடி சூடாக்கி, நின்றதும் ஈரத் துணியை ஒவ்வொரு சாமானாக ஒத்திப் பார்த்தேன். காயிலுக்கு அசையவில்லை. ரிலேவுக்கு அசையவில்லை. கியர்பாக்ஸ் ஓரமாக இருந்த அந்தக் கட்டைவிரல் சாமான் மேல் துணியை வைத்தேனோ இல்லையோ, உறுமிக்கொண்டு எழுந்தது. புது சென்சார் போட்டேன். அண்ணன் ஆந்திரா பார்டர் வரைக்கும் ஓட்டிப்போய், நிற்காமல் திரும்பி வந்து, இறங்கி, சுட்ட என் கையைப் பார்த்துச் சொன்னார்: “இனிமே வண்டி நின்னா நான் பானெட்ட தொறக்க மாட்டேன் தம்பி. மொதல்ல உன்ன கோவப்படுத்தறேன்.”

பேரம்

அந்தச் சென்சாரை உன் கடையில்தான் வாங்கினேன். அப்போது நமக்குள் என்ன ஒரு சிநேகம்! நான் படியேறுவதைப் பார்த்ததுமே ரெண்டு டீ சொல்லுவாய். அது ஆறுகிற வரைக்கும் பேரம் நடக்கும் என்று உனக்குத் தெரியும். அட்டைப் பெட்டி நசுங்கியிருக்கிறது என்பேன். தூசி படிந்திருக்கிறது, பழைய சரக்கு என்பேன். வேண்டாம் என்று வாசல் வரைக்கும் நடந்து போவேன். நீ கூப்பிட மாட்டாய். நானே திரும்பி வருவேன். கையைக் கடிக்கிற விலைக்கு வந்துவிட்டால் ‘கட்டாது’ என்று ஒரே வார்த்தை சொல்லி, பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிடுவாய். நானும் முனகிக்கொண்டே நீ சொன்னதைக் கொடுத்துவிட்டு வருவேன். அந்த நாளில் நீ கொடுத்ததெல்லாம் அசல் சரக்கு. மறுக்க மாட்டேன்.

பக்கத்துக் கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். ஒருநாள் நீ ஆறிய டீயைக் கீழே ஊற்றிவிட்டுச் சொன்னாய்: “நைனா, உங்கிட்டருந்து டப்பு வாங்கறதுக்குள்ள எனக்குத் தொண்ட வத்திப் போவுது. பேசாம இந்தக் கடைய நீ எடுத்துக்கோ, நான் போயி உன் ஷெட்டுல குந்திக்கறேன்.”

மஞ்சள் துணி

ஏசுபாதம் அண்ணனுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ரோட்டில் எந்தக் கார் நின்றிருந்தாலும் இறங்கி, சூடானால்தான் நிற்கிறதா என்று கேட்பார். ஆமாம் என்றால் உடனே எனக்குப் போன். அப்படி ஓர் ஆடி ஞாயிற்றுக்கிழமை, பெரியபாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்ற ஒரு காருக்கு என்னை அவர் வண்டியிலேயே அழைத்துப் போனார். மீஞ்சூர்ப் பக்கத்து சரோஜா அம்மாவின் குடும்பம், பெரியபாளையத்து அம்மனுக்குப் பொங்கல் வைக்கப் போனவர்கள். வருஷா வருஷம் அதே இடத்தில் வண்டி நின்றுவிடுமாம். அம்மன் இங்கேயே பொங்கல் கேட்கிறாள் என்று இறங்கி அடுப்பு மூட்டுவார்களாம். பொங்கிப் படைத்து முடித்ததும் வண்டி கிளம்பிவிடுமாம். கிளம்பத்தானே செய்யும்! பொங்கல் இறங்குகிற நேரமும் சென்சார் ஆறுகிற நேரமும் ஒன்று.

ஈரத் துணி கேட்டேன். அந்தம்மா பூஜைத் தட்டிலிருந்து ஒரு புது மஞ்சள் துணியைக் கிழித்துக் கொடுத்தார். நனைத்துச் சுற்றினேன், அடுப்பு பற்றுவதற்குள் இன்ஜின் பற்றிக்கொண்டது. இது சும்மா சோதனைக்குத்தான், வாரக் கடைசியில் கடைக்கு வாருங்கள், சென்சார் மாற்றிவிடலாம் என்றேன். வரவே இல்லை. கொஞ்ச நாள் கழித்து பஜாரில் அந்தக் காரைப் பார்த்துவிட்டு பானெட்டைத் திறக்கச் சொன்னேன். என் துணி அப்படியே இருந்தது. அதற்குக் குங்குமம் வைத்து, வேப்பிலை செருகி, நனைக்க ஒரு சொம்புத் தண்ணீரும் முன் சீட்டில் வைத்திருந்தார்கள். கழற்றக் கை வைத்தேன். சரோஜா அம்மா என் கையைத் தட்டிவிட்டார்: “ஏம்பா, ஆத்தா துணியால ஓடிக்கினு இருக்கிற வண்டிய, உன் சாமான மாட்டி நிறுத்தப் பாக்குறியா?”

வெறும் வண்டி

பழவேற்காட்டு ஹமீது பாய் இறால் வியாபாரம். அவரையும் பெட்ரோல் பங்கில் பிடித்து அனுப்பியது அண்ணன்தான். பாயின் வேன் இறால் பெட்டி ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் வரைக்கும் ஒரு இருமல்கூட இல்லாமல் போகும். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பொன்னேரி தாண்டுவதற்குள் நின்றுவிடும். வெறும் வண்டியாக வர அதற்குப் பிடிக்கவில்லை என்று பாய் முடிவு கட்டிவிட்டார். திரும்பும்போது அரிசி மூட்டை ஏற்றிப் பார்த்தார். விறகு ஏற்றிப் பார்த்தார். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு ஏற்றிக்கூடப் பார்த்தார். நின்றுவிட்டது, சொந்தக்காரர்கள் தள்ளினார்கள்.

நான் ஒருநாள் சரக்கோடு கூடவே போனேன். பெட்டியில் ஐஸ் உருகி, வண்டித் தரையில் துருப்பிடித்த ஓர் ஓட்டை வழியாகச் சொட்டிக்கொண்டே வந்தது. குனிந்து பார்த்தால், சொட்டு நேராகச் சென்சார் மேல்! போகும்போது குளுகுளுவென்று வேலை செய்திருக்கிறது. வரும்போது ஐஸ் இல்லை. உப்புத் தண்ணீரில் சாக்கெட்டும் பச்சை பூத்துக் கிடந்தது. ரெண்டையும் மாற்றி ஓட்டையையும் அடைத்துக் கொடுத்தேன். பாய் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்: “அப்போ இத்தினி நாளா இது பெட்ரோல்ல ஓடல, என் இறாலு ஐஸ துன்னுட்டு ஓடிக்கினு இருந்துச்சா?”

இரும்புத் தாடி

எல்லாமே சூட்டில் வருகிற கோளாறு இல்லை. சிப்காட்டில் ஒரு இரும்பு ரோலிங் மில். அதன் மேலாளர் கார் ஒருநாள் காலையில் அடியோடு ஸ்டார்ட் ஆகவில்லை. ஈரத் துணிக்கும் மசியவில்லை. சென்சாரைக் கழற்றினேன். அதன் முனையில் காந்தம் உண்டு. அந்த முனையில் ஒரு கறுப்புத் தாடி முளைத்திருந்தது. அத்தனையும் இரும்புத் தூள். கார் தினமும் நிற்கிற இடம், கம்பி அறுக்கிற ஷெட்டுக்குப் பக்கத்தில். காற்றில் பறப்பதையெல்லாம் உள்ளே இழுத்து, சென்சார் தன் கண்ணைத் தானே மறைத்துக்கொண்டிருக்கிறது.

புதுசு போடச் சொல்லியிருக்கலாம். அவருக்கு என்ன தெரியப்போகிறது? துடைத்துத் திருப்பி மாட்டினேன். வேலைக்கான கூலிக்கு மட்டும் விடாமல் பேரம் பேசினேன், அது வேறு. சாமான் நல்லா இருக்குது, மாத்த வேணாம் என்று நான் சொன்னது அவருக்குப் பிடித்துப்போயிற்று. இந்த மெக்கானிக் பார்க்கிற வண்டி என்றால் நம்பலாம் என்று, மில் அதிகாரிகளை அழைத்துப் போகிற மாதக் கான்ட்ராக்டை ஏசுபாதம் அண்ணனுக்கே கொடுத்தார். அன்றைக்கு மேலாளர் அந்த இரும்புத் தாடியைக் காகிதத்தில் வாங்கிப் பார்த்துச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது: “மில்லுல இரும்பு கொறையுதுன்னு நான் வாட்ச்மேன சந்தேகப்பட்டுக்கினு இருந்தேன், எடுத்துக்கினு போனது என் காரா?”

எளாவூர்

இனிமேல் சிரிப்பு கொஞ்சம் குறையும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருஷம் ஓடிய பிறகு அண்ணன் காரின் சென்சார் மறுபடி போயிற்று. வழக்கம்போல் உன் கடை, வழக்கம்போல் பேரம். அன்றைக்கு நீ சீக்கிரமே இறங்கி வந்தாய்; டீ பாதிகூட ஆறவில்லை. என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணனிடம் நெஞ்சைத் தட்டிச் சொன்னேன்: ஒரிஜினல்ணே, நான் பாத்து வாங்குனது.

அந்த வாரமே மில் அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு ஆந்திராப் பக்கம் போகும்போது எளாவூர் செக்போஸ்ட்டில், லாரி வரிசைக்கு நடுவில், வண்டி செத்துப்போயிற்று. முன்னேயும் போக முடியாது, ஓரமும் கட்ட முடியாது. ஓசி பைக்கில் நான் போய்ச் சேர்ந்தபோது லாரிகள் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்துக்கொண்டிருந்தன. ஒரு டிரைவர் ஜன்னலில் தொங்கிக்கொண்டு, “ஏய் நைனா, காரா அது, தள்ளுவண்டியா?” என்று கத்தினார். நானும் பதிலுக்குக் கத்தினேன். அதிகாரிகள் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றார்கள். அண்ணன் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஈரத் துணி வைத்ததும் ஓடியது. ஆனால் சென்சார் புதுசாயிற்றே! எந்த மெக்கானிக்கும் புதுசாகப் போட்டதைக் கடைசியில்தான் சந்தேகப்படுவான். அதிலும் நீ கொடுத்தது. துணியிலிருந்து தண்ணீர் வயரில் ஒழுகியதால்தான் வண்டி ஓடியிருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, வயர், ரிலே, சாக்கெட் என்று மாற்றினேன். மறுபடி நின்றது. இன்னொரு தரமும் நின்றது. மில்லில் கான்ட்ராக்டை வேறு டிராவல்ஸுக்கு மாற்றிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான், பழைய சாமான் டப்பாவிலிருந்து, காயலான் கடைக்குப் போன அதே ரகக் கார் ஒன்றின் பழைய சென்சாரை எடுத்துச் சும்மா மாட்டினேன். நாள் பூராவும் ஓடியது. உன் புதுசையும் இந்தப் பழசையும் ரெண்டு கையில் வைத்துப் பார்த்தேன். உன்னுடையது காகிதம் மாதிரி லேசாக இருந்தது. மேலே இருந்த எழுத்து விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அண்ணனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சத்தமே போடவில்லை. காரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “சாமானு கெட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லல தம்பி. நீ பாத்து வாங்குனேன்னு ஏன் சொன்னே?”

உன் கடை வாசல்

அங்கிருந்து நேராக உன் கடைக்கு வந்தேன். வந்த வேகத்துக்கு உன் கண்ணாடி ஷோகேஸ் தப்பியது பெரிசு. ரெண்டு மெக்கானிக்குகள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சென்சாரை மேஜை மேல் போட்டு, இதை ஒரிஜினல் என்று ஏன் சொன்னாய் என்று கேட்டேன். இல்லை என்று சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். தெரியாமல் வந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் திட்டிவிட்டு டீ குடித்திருப்பேன். நீ ரெண்டும் சொல்லவில்லை. அண்ணன் வண்டி போடுகிற கார் ஸ்டாண்டின் டிரைவர்கள் வாசலில் நிற்பதைப் பார்த்தாய். அவர்களுக்குக் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினாய்: “நீ அடிக்கிற பேரத்துக்கு ஒரிஜினலு வராதுன்னு உனக்குத் தெரியாதா? தெரிஞ்சிதானே கேட்டு வாங்கிக்கினு போனே!”

இல்லை. எனக்குத் தெரியாது. பேரம் பேசினேன், ஆமாம். வயிறு காய்ந்து வளர்ந்தவன் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வர மாட்டான். ஆனால் ‘கட்டாது’ என்று சொல்லத் தெரிந்தவன்தானே நீ? அன்றைக்கும் சொல்லியிருந்தால் முனகிக்கொண்டே கொடுத்திருப்பேன். சொல்லாமல் வேறு பெட்டியை எடுத்துக் கொடுத்தாயே, அதற்குப் பேர் என்ன?

நீ சொன்னது நான் ஷெட்டுக்குத் திரும்புவதற்கு முன்னால் ஸ்டாண்டுக்கும் அண்ணன் காதுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த நாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். எப்போதும், “வா தம்பி, நாஷ்டா துன்னியா?” என்று கேட்கிற மனிதர், “வாங்க, உக்காருங்க” என்றார். தண்ணீர் கொடுத்தார். நான் பேசியதையெல்லாம் கேட்டுவிட்டு, “விடுங்க, போனது போவட்டும்” என்றார். அந்த ‘ங்க’வை அவர் முகத்தில் அறைந்த மாதிரி சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு ரோட்டில் நின்ற எந்த வண்டிக்காகவும் எனக்கு அவர் போன் பண்ணவில்லை. கொஞ்ச நாளில் காரையும் விற்றுவிட்டார்.

இப்போது என் ஷெட்டுக்கு கான்கிரீட் கூரை வந்துவிட்டது. ஸ்கேனர் மிஷின் இருக்கிறது. மாட்டினால் எந்தச் சென்சார் என்று அதுவே எழுதிக் காட்டுகிறது. கையும் சுடுவதில்லை, கோபமும் பழையபடி வருவதில்லை. ஆடி மாசம் மஞ்சள் சேலைகள் போகிற வண்டிகளைப் பார்த்தால், பழவேற்காட்டு வேன் ஒன்று சொட்டிக்கொண்டே கடந்தால், பக்கத்து சீட்டில் அண்ணன் உட்கார்ந்து சிரிக்கிற மாதிரியே இருக்கிறது. அவர் மகன் தேர்வாய் கண்டிகையில் ஃபேக்டரி வேலை பார்க்கிறான், புது கார் வைத்திருக்கிறான். அந்தக் கார் என் கடை வழியாகத்தான் போகும். முன் சீட்டில் இருக்கிற அண்ணன், என் கடை வரும்போது எதிர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். சர்வீஸுக்கு வேறு கடைக்குப் போகிறார்கள்.

நீ திருவள்ளூரில் பெரிய கடை போட்டு நன்றாக இருக்கிறாய் என்று கேள்வி. நன்றாக இரு. கெட்டுப்போன சென்சாருக்கு எனக்கு வேறு சென்சார் வேண்டாம். நீ என்னிடம் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், கேட்டால் பழைய கோபம் திரும்ப வந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து அண்ணன் வெளியே வரும்போது எதிரில் போய் நில். ‘அவனுக்குத் தெரியாது, நான்தான் மறைச்சு வித்தேன்’ என்று சொல். அவ்வளவுதான்.

பிறந்ததிலிருந்து எதையும் பாதி விலைக்குக் கேட்டே பழகிய நான், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சல்லிக்காசு குறைக்காமல் முழுசாகக் கேட்கிறேன்: போய்ச் சொல்லிவிட்டு வா.